ஒரு முறம் தவிடு

மேலகரம் பிரசவ விடுதியில் இருபது வருஷம் வேலை பார்த்தவள் நான். வயிற்றில் கை வைத்தால் மாதம் சொல்லிவிடுவேன். நடக்கிற நடையைப் பார்த்தே இவளுக்கு இன்றைக்கா நாளைக்கா என்று சொல்லியிருக்கிறேன். அப்படிப்பட்ட நான், என் வயிற்றில் ஒரு பிள்ளை இருப்பதை ஐந்தாம் மாதம் வரை கண்டுபிடிக்கவில்லை. இதை அன்றைக்கே வெளியில் சொல்லியிருந்தால் சுற்றுவட்டாரத்தில் ஒருத்தியும் என்னை நம்பிப் பிள்ளை பெற வந்திருக்க மாட்டாள்.

மாதத் தூரம் நின்றுபோனது. நாற்பத்து மூன்று வயது, நிற்கிற காலம்தான் என்று நினைத்துக்கொண்டேன். வாந்தி வந்தது. பித்தம் என்று இஞ்சிச் சாறு குடித்தேன். இடுப்பு பெருத்தது. தின்கிற சோறு செரிக்கவில்லை என்று என்னையே ஏசிக்கொண்டேன். ஒருநாள் மத்தியானம் ஒரு பெண்ணைப் பரிசோதிக்கக் குனிந்தபோது அவள் வயிற்றுப் பிள்ளை துள்ளியது. அடுத்த நிமிஷம் என் வயிற்றுக்குள்ளும் ஏதோ துள்ளியது. அவள் வயிற்றிலிருந்து கையை எடுத்து என் வயிற்றில் வைத்துக்கொண்டு அப்படியே நின்றுவிட்டேன். "என்ன நர்சம்மா, உங்களுக்கு என்ன செய்யுது?" என்று அந்தப் பெண்தான் என்னைக் கேட்டாள்.

என் வீட்டுக்காரர் ஆவுடைநாயகம் குற்றாலம் தபால் ஆபீஸில் குமாஸ்தா. முதல் தாரம் இறந்து, பிள்ளைகுட்டி இல்லாமல் தனியாக இருந்தவர். எனக்கோ தம்பி தங்கைகளைக் கரையேற்றிவிட்டு நிமிர்ந்து பார்த்தபோது முப்பத்தாறு வயது. யாரோ சொல்லி, யாரோ பேசி, எங்களைச் சேர்த்துவைத்தார்கள். பிள்ளையைப் பற்றி நாங்கள் பேசிக்கொண்டதே கிடையாது. நான் செய்தியைச் சொன்னதும், "ஒழுங்காப் பாத்தியா கோமதி?" என்றார். இருபது வருஷம் சர்வீஸ் போட்டவளிடம் கேட்கிற கேள்வியா அது? ஆனால் ஐந்து மாதம் கோட்டை விட்டவளுக்குக் கோபப்பட என்ன உரிமை இருக்கிறது?

என் சுபாவத்தை இங்கேயே சொல்லிவிடுகிறேன். எனக்கு வாய் நீளம். விடுதியில் நான் வைத்ததுதான் சட்டம். தொப்புளில் சாணி வைக்கிறவள், பிறந்த பிள்ளைக்குச் சீனித்தண்ணி ஊற்றுகிறவள், காத்து கருப்பு என்று வேப்பிலை கட்டுகிறவள் எல்லோரும் என்னிடம் வாங்கிக் கட்டிக்கொண்டு போவார்கள். "பால் இல்ல" என்று எவளாவது சொல்லிவிட்டால் எனக்குப் பொறுக்காது.

நெல் ஆலையில் நெல் அவிக்கிற தங்கத்தாய் அப்படிச் சொன்னவர்களில் ஒருத்தி. ஆறு பிள்ளைகள் அவளுக்கு. ஆறையும் வாங்கிய கை என்னுடையது. ஐந்தாவது பிள்ளைக்கு இரண்டு மாதம் ஆனபோது வந்து, "பால் வத்திப்போச்சு நர்சம்மா, பிள்ளை கெடந்து கத்துது" என்று நின்றாள். வரிசையில் இருபது பெண்கள் இருந்தார்கள். "பால் இல்லன்னு ஒண்ணு உலகத்துல கெடையாது. குடுக்க மனசு இல்லன்னு சொல்லு. கடவுள் பிள்ளையக் குடுத்துட்டுப் பாலக் குடுக்காம இருப்பானா?" என்று எல்லோர் முன்னாலும் விளாசினேன். அந்த வருஷம் ஆலை நாலு மாதம் பூட்டிக் கிடந்தது, வீட்டில் அடுப்பு எரியவில்லை என்று அவள் மெல்லச் சொன்னாள். அதைச் சாக்கு என்று நினைத்தேன். முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனாள். பக்கத்து வீட்டுக்காரி பால் கொடுத்து அந்தப் பிள்ளை பிழைத்தது என்று பிற்பாடு கேள்விப்பட்டேன். கேள்விப்பட்டதோடு சரி.

பங்குனியில் தென்காசி ஆஸ்பத்திரியில் எனக்குப் பிறந்தது பெண். லேடி டாக்டர் ஆயுதம் போட்டுத்தான் எடுத்தார். ஐந்தரை ராத்தல் எடை. அந்தப் பத்து நாளும் நான் எல்லோருக்கும் பாடம் நடத்தினேன். பிள்ளையை எப்படிப் பிடிக்க வேண்டும், எப்படிக் குளிப்பாட்ட வேண்டும், எத்தனை மணிக்கு ஒருதரம் பால் கொடுக்க வேண்டும் என்று பக்கத்துக் கட்டில்காரிகளுக்குப் படுத்துக்கொண்டே சொல்லிக்கொடுத்தேன்.

பதினோராம் நாள் வீட்டுக்கு வந்தேன். அன்றைக்குத்தான் ஒரு விஷயம் எனக்கு உறைத்தது. என் உத்தியோகம் பத்து நாளோடு முடிந்துவிடுகிறது. பத்தாம் நாள் சீட்டு எழுதித் தாயையும் பிள்ளையையும் வண்டி ஏற்றிவிடுவேன். அதற்குப் பிறகு அந்தப் பிள்ளை ஏன் அழும், எப்போது அடங்கும், தோளில் போட்டால் என்ன, மடியில் போட்டால் என்ன, எனக்கு ஒன்றும் தெரியாது. இருபது வயதுப் பெண்கள் பிள்ளையை இடுக்கிக்கொண்டு தண்ணீர்க் குடத்தையும் தூக்குகிறார்கள். எனக்குத் தொட்டிலுக்குக் குனிந்தால் நிமிர முடியவில்லை. யாரிடமாவது கேட்கலாம் என்றால், ஊரே என்னிடம் அல்லவா கேட்டுக்கொண்டிருக்கிறது?

ஒத்தாசைக்கு என் வீட்டுக்காரரின் அக்காள் குழல்வாய்மொழி மதினி வாசுதேவநல்லூரிலிருந்து வந்திருந்தாள். தங்கமான மனுஷி. வந்த நாளிலிருந்து அவளுக்கு ஒரே நினைப்புதான். "ஏட்டி கோமதி, நாப்பத்தி மூணு வயசுல வந்த தலைப்பிள்ளை. ஊரு கண்ணு சும்மா இருக்காது. தவிட்டுக்கு வித்து வாங்கிருவோம்" என்பாள்.

அது எங்கள் பக்கத்துப் பழக்கம். தவமிருந்து பெற்ற பிள்ளையை, பெற்ற பிள்ளைகளெல்லாம் தக்கிப் பிழைத்திருக்கிற ஒருத்தியிடம் ஒரு முறம் தவிட்டுக்கு விற்றுவிடுவார்கள். பிள்ளை இப்போது அவளுடையது. தவிட்டு விலைக்குப் போன பிள்ளையின்மேல் யார் கண் வைக்கப் போகிறார்கள்? அப்புறம் பெற்றவள் மடியேந்தி நின்று அவளிடமே பிள்ளையைப் பிச்சை கேட்டு வாங்கிக்கொள்வாள். "நான் கவர்மெண்டு உத்தியோகம் பாக்குதவ மதினி. இதயெல்லாம் செய்யாதீங்கன்னு ஊருக்குச் சொல்லுத ஆளு" என்று ஒரே வார்த்தையில் முடித்துவிட்டேன். மதினி நாற்பது நாள் இருந்து பார்த்துவிட்டு, முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு ஊருக்குப் போனாள்.

நாற்பத்தைந்தாம் நாள் விடுதிக்குப் போய்ப் பிள்ளையை நிறுத்தேன். எட்டு ராத்தல். மனசு குளிர்ந்தது. பிள்ளைக்கு மூன்று மாதம் முடிந்து, லீவு தீர்ந்து, ஆனி பிறந்ததும் பிள்ளையோடு வேலைக்குத் திரும்பினேன். அதற்குள் பழைய தராசைக் கழித்துவிட்டுக் கிலோ காட்டுகிற புதுத் தராசு ஒன்றை அனுப்பியிருந்தார்கள். ஆயா வெளியே போன நேரம் பார்த்துப் பிள்ளையை அதில் படுக்கவைத்தேன். மூன்றரை கிலோ என்றது. கிலோவுக்கு இரண்டே கால் ராத்தலுக்கும் கொஞ்சம் குறைவு என்று மனசுக்குள் கணக்குப் போட்டேன். எட்டு ராத்தல்கூட வரவில்லை. கணக்கு தப்பு என்று பென்சில் எடுத்துப் போட்டேன். அப்போதும் வரவில்லை. சரி, தராசு தப்பு என்று முடிவு செய்தேன். அன்றைக்கு வந்த பிள்ளைகளையெல்லாம் அதே தராசில்தான் நிறுத்து அதே எடையைத்தான் எழுதினேன். அவர்களுக்கெல்லாம் சரியாகக் காட்டிய தராசு என் பிள்ளைக்கு மட்டும் எப்படித் தப்பும் என்று நான் யோசிக்கவில்லை. யோசிக்காமல் இருக்கப் பெரும்பாடு பட்டேன்.

பிள்ளை அழுவதையும் குறைத்துக்கொண்டு வந்தாள். சாதுவான பிள்ளை என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். ஆமாம் என்று நானும் சிரித்தேன். விடுதிக்கு வருகிற பால்மாவைக் கரைத்துச் சங்கில் கொடுத்துப் பார்த்தேன். இரண்டு நாள் வயிற்றால் போய் இன்னும் துவண்டாள். டாக்டரம்மாவிடம் போகலாம். போனால் அவர் என்னிடம் கேட்கும் முதல் கேள்வி எது என்று எனக்குத் தெரியும். நானே எத்தனை பேரைக் கேட்டிருக்கிறேன்! ஒவ்வொரு தடவையும் மாரில் போட்டுப் பார்ப்பேன். சப்புவாள், விடுவாள், என் முகத்தைப் பார்ப்பாள். எனக்குப் பயமாக இருந்தது. இவள் போய்விட்டால் இதற்குமேல் எனக்கு இன்னொன்று கிடையாது. அந்தப் பயம் இருந்தும் வாய் திறக்கவில்லை என்றால் நான் எப்படிப்பட்ட பிறவி என்று பார்த்துக்கொள்ளுங்கள்.

ஒருநாள் மத்தியானம் பிள்ளையைத் துணியில் சுற்றிக் குடையைப் பிடித்துக்கொண்டு குற்றாலத்துக்குப் பஸ் ஏறினேன். சாரல் விழுந்துகொண்டிருந்தது. சீசன் கூட்டம் உடம்பெல்லாம் எண்ணெயோடு அருவிப் பக்கம் போய்க்கொண்டிருந்தது. தபால் ஆபீஸில் கவுண்டரை அடைத்துவிட்டு இவர் தனியாக உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"பார்சல் தராசு எங்க?" என்றேன்.

"என்னத்துக்கு?"

"விடுதித் தராசு சரியில்ல. கிலோ தராசு, புதுசு. பிள்ளைய நிறுக்கணும்."

மனுஷர் கையைக் கழுவிவிட்டு வந்து, தட்டில் ஒட்டியிருந்த அரக்குத் துணுக்குகளைத் தட்டிவிட்டு, தன் தோள் துண்டை மடித்துத் தட்டில் விரித்தார். "பழைய கல்லுங்க இருந்தா வைங்க. ராத்தல்" என்றேன். அலமாரிக்கு அடியிலிருந்து பழைய இரும்புக் கற்களை எடுத்துத் துடைத்தார். நான் பிள்ளையைத் தட்டில் வைத்தேன். அவள் பாட்டுக்கு உத்தரத்தைப் பார்த்துக்கொண்டு கிடந்தாள்.

"எட்டு வைங்க" என்றேன்.

வைத்தார். பிள்ளை இருந்த தட்டு மேலேயே நின்றது. ஒரு கல்லை எடுத்துவிட்டு அரை ராத்தலும் கால் ராத்தலும் போட்டார். முள் நடுவில் வந்து நின்றது. ஏழே முக்கால்.

"கல்லு பழசு. தேஞ்சு போயிருக்கும்" என்றேன்.

"கல்லு தேஞ்சிருந்தா பிள்ளை கூடத்தான் காட்டும், கோமதி" என்றார் இவர். சத்தம் உயர்த்தவில்லை. பார்சலுக்குத் தபால்தலை எத்தனை என்று சொல்கிற அதே குரல்.

நான் பிள்ளையை எடுத்து மார்போடு சேர்த்துக்கொண்டேன். "அப்ப எனக்குப் பால் இல்லன்னு சொல்லுதியளா?"

"நான் ஒண்ணும் சொல்லல."

"பெறகு?"

"பிள்ளைக்குப் பசிக்குது." கற்களை ஒவ்வொன்றாக உள்ளே அடுக்கிவிட்டு நிமிர்ந்தார். "அக்கா சொன்னதச் செஞ்சுருவமா? கண்ணு பட்டிருக்கும்னே வச்சுக்கிடுவோம்."

"தவிட்டுக்கா? யாருக்கிட்ட?"

"தங்கத்தாயிகிட்ட. அவ ஆறாவது பயலப் பாத்திருக்கியா? ஆறு மாசம்தான் ஆகுது, ரெண்டு கையால தூக்க முடியல."

தங்கத்தாய் பெயரைக் கேட்டதும் எனக்கு முகம் சுட்டது. வேறு யார் பெயரையும் சொல்லாமல் இவர் ஏன் அவள் பெயரைச் சொன்னார்? என் நாக்கால் போய்க் கேட்க முடியாததைக் கேட்க எனக்கு ஒரு வாசல் திறந்துவிட்டார் என்று இப்போது தோன்றுகிறது. இவரிடம் இதுவரை நான் அதைக் கேட்டதில்லை. அன்றைக்கு, "என்னமும் செய்ங்க" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த பஸ்ஸில் திரும்பிவிட்டேன்.

கடுதாசி போட்ட மூன்றாம் நாள் மதினி வந்து இறங்கினாள். ஜெயித்த களை முகத்தில் தெரிந்தது. ஆனாலும் ஒரு குறை வைத்தாள். "நெல்லு அவிக்கவளா? நல்ல குடும்பமாப் பாக்கப்பிடாதா?"

"அவ பெத்த ஆறும் உசிரோட இருக்கு. அதுக்கு மேல என்ன குடும்பம் வேணும்?" என்றார் இவர்.

வெள்ளிக்கிழமை காலையில் போனோம். தங்கத்தாய் வீடு ஆலைக்குப் பின்னால், அவித்த நெல் காய்கிற களத்தை ஒட்டி இருந்தது. சாரல் வெறித்து ஒரு வெயில் அடித்துக்கொண்டிருந்தது. அவள் குளித்து, ஈரத்தலையை முடிந்து, மஞ்சள் பூசி நின்றாள். கையில் முறம். புதுத் தவிடு, சூடுகூட ஆறவில்லை. அவளை நிமிர்ந்து பார்க்க எனக்கு முடியவில்லை. முறத்தைப் பார்த்துக்கொண்டு நின்றேன்.

"வாங்க நர்சம்மா" என்றாள். மூன்று வருஷத்துக்கு முந்திய கோபம் அந்தக் குரலில் இருக்கிறதா என்று தேடினேன். தெரியவில்லை.

மதினி என் கையிலிருந்து பிள்ளையை வாங்கினாள். தங்கத்தாய் முறத்தை என் கையில் வைத்தாள். "ஒரு மொறம் தவிட்டுக்குப் பிள்ளைய வித்தாச்சு. இனி இது உம் பிள்ளை" என்றாள் மதினி. "வாங்கிட்டேன்" என்றாள் தங்கத்தாய்.

நான் இதில் நம்பிக்கை இல்லாதவள். ஆனால் அந்த வார்த்தை காதில் விழுந்ததும் என் கை காலியாக இருப்பது எனக்குத் தெரிந்தது. முறம் இருக்கிறது, ஆனாலும் காலி. என்னமோ நிஜமாகவே விற்றுவிட்டு வந்தவள் போல நின்றேன்.

தங்கத்தாயின் தோளில் போட்டதும் பிள்ளை தலையைத் திருப்பித் திருப்பி அவள் சேலையில் வாயை வைத்துத் தேடினாள். பால் வாசனை. தங்கத்தாய் என்னைப் பார்த்தாள். "பசிச்சிருக்கா போலிருக்கே. எம் பிள்ளைதான இப்ப?" என்று சொல்லிவிட்டு, யாருடைய பதிலுக்கும் நிற்காமல் களத்து ஓரத்தில் கிடந்த சாக்கின்மேல் உட்கார்ந்து மாரில் போட்டுக்கொண்டாள்.

முதலில் ஒன்றும் கேட்கவில்லை. பிறகு கேட்டது. பிள்ளை விழுங்குகிற சத்தம். மடக்கு மடக்கென்று, மூச்சு வாங்கி, மறுபடியும் மடக்கு மடக்கென்று. எத்தனையோ தாய்மார் பக்கத்தில் நின்று அந்தச் சத்தத்தை வைத்துத்தான் சீட்டு எழுதி வீட்டுக்கு அனுப்பியிருக்கிறேன். என் பிள்ளையிடமிருந்து அதைக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று அப்போதுதான் எண்ணிப் பார்த்தேன். ஒரு மாதத்துக்கு மேல் ஆகியிருந்தது. ஒரு மாதமாக இவள் வெறும் மாரைச் சப்பிக்கொண்டு என் முகத்தைப் பார்த்திருக்கிறாள்.

"ஏட்டி, நின்னுக்கிட்டே இருக்க? மடியேந்திக் கேளு" என்று மதினி என் முழங்கையை இடித்தாள். "பிள்ளை இல்லாதவளுக்கு ஒரு பிள்ளை குடு தாயேன்னு கேக்கணும். மூணு தரம்."

முறத்தைக் கீழே வைத்தேன். முந்தானையை இரண்டு கையாலும் விரித்துப் பிடித்துக்கொண்டு அவள் முன்னால் நின்றேன். வாய் வரவில்லை. இருபது வருஷமாக ஏவி ஏவிப் பழகின வாய். களத்தில் நெல் கிளறிக்கொண்டிருந்த பெண்கள் கையை நிறுத்திவிட்டுப் பார்த்தார்கள். அவர்களில் பாதிப்பேர் என்னிடம் ஏச்சு வாங்கியவர்கள்.

தங்கத்தாய் என்னை நிமிர்ந்து பார்த்தாள். பிறகு மெதுவாக, "வெக்கப்படாம வாயத் தொறங்க நர்சம்மா. கத்துனாலும் இங்கன யாரும் ஒண்ணும் நெனைக்க மாட்டோம்" என்றாள். வலி எடுத்துப் பல்லைக் கடித்துக்கொண்டு கிடக்கிற பெண்களிடம் நான் சொல்கிற வார்த்தை அது. ஆறு தடவை அவளிடமும் சொல்லியிருப்பேன். அவள் குத்திக்காட்டவில்லை. வேறு எப்படிச் சொல்வது என்று தெரியாமல் அதைச் சொன்னாள்.

"எனக்குப் பால் இல்ல, தங்கத்தாயி" என்றேன்.

மதினி திடுக்கிட்டுப் போனாள். "அது இல்லட்டி, அப்படிக் கேக்கப்பிடாது. பிள்ளை குடு தாயேன்னு..."

"எனக்குப் பால் இல்ல. இவளுக்குப் பசிக்குது, எனக்கு என்ன செய்யன்னு தெரியல. அன்னைக்கு ஒன்ன நான் அப்படிப் பேசியிருக்கக் கூடாது. பிள்ளையக் குடு. பாலும் குடு." அழுகை வந்துவிட்டது. பெண்கள் பார்க்கிறார்கள் என்று தெரிந்தும் நிறுத்த முடியவில்லை. நிறுத்த வேண்டும் என்றும் தோன்றவில்லை. இவர் தூரத்தில் வேறு பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

தங்கத்தாய் பிள்ளையின் கன்னத்தை ஒரு விரலால் தடவிவிட்டு, "காலையில மில்லுக்குப் போகையில ஒருமட்டம் வாரேன். மத்தியானம் நீங்க கொண்டாங்க. பொழுது சாயயில நான் வாரேன்" என்றாள். "எடையெல்லாம் தன்னால ஏறும். நீங்களும் மாருல போடுதத விட்டுராதிய, ஊறும். மொதல்ல நீங்க ஒழுங்காச் சோறு திங்கியளா?"

"இல்ல" என்றேன். யாரும் அதுவரை என்னைக் கேட்காத கேள்வி.

"அதான். இருங்க, இவ குடிச்சு முடிக்கட்டும். பாதியில புடுங்கி ஒங்க கையில தர மாட்டேன்."

மதினி ஏதோ முறையைப் பற்றி முணுமுணுத்தாள். நான் தங்கத்தாய் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். பிள்ளை ஒரு கையால் அவள் தாலிக்கயிற்றைப் பிடித்துக்கொண்டு குடித்துக்கொண்டிருந்தாள். விரித்த முந்தானையை மடக்காமல், அவள் எப்போது தருவாளோ அப்போது தரட்டும் என்று காத்துக்கொண்டிருந்தேன்.